வாக்கர் என்ற பெயரை வைத்து விசா வாங்க முடியுமா?

கேள்வி: என் அம்மாவின் அப்பா பெயர் வாக்கர் என்று முடியும். ரயில்வேயில் வேலை பார்த்தவர், போத்தனூரில் இறந்தார். எங்கே பிறந்தார் என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வாக்கர் என்றால் அரச காடுகளைச் சுற்றிவந்த அதிகாரி என்றும், அது பிரபு வம்சம் என்றும் ஓர் இணையதளம் சொல்கிறது. எங்கள் குலச்சின்னத்தைச் சட்டம் போட்டு அனுப்ப 6,500 ரூபாய் கேட்கிறார்கள். கோவை ஏஜெண்ட் ஒருவர், இந்தப் பெயரை வைத்தே என் மகனுக்கு இங்கிலாந்து விசா எடுத்துவிடலாம் என்கிறார். முன்பணம் 40,000 ரூபாய். கொடுக்கலாமா?
– போத்தனூர் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஏஜெண்டுக்கும் வேண்டாம், சட்டம் போட்ட அந்தப் படத்துக்கும் வேண்டாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வாக்கர் என்றதும் நடப்பவர் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென்று போவாரே, அவரும் அந்த எண்ணத்தை நன்றாகப் பரப்பிவிட்டார். அது 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த விளம்பரப் படம். பெயருக்குச் சொந்தக்காரரான ஜான் வாக்கர், ஸ்காட்லாந்தில் கில்மார்னாக் என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர்.

உண்மையில் இது நெசவைச் சார்ந்த ஒரு தொழிலின் பெயர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, பல நாள் புளிக்கவைத்த சிறுநீரையும் ஊற்றி, ஆட்கள் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். மிதிபட மிதிபட இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, துணி கெட்டிப்படும். அப்புறம் மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி, இழுத்துக் காயவைப்பார்கள். இப்படி மிதித்தவர்தான் வாக்கர். 12ஆம் நூற்றாண்டு முதல் தண்ணீர் விசையில் ஓடும் மரச்சுத்தியல் ஆலைகள் வரத் தொடங்கின. காலுக்கு வேலை குறைந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

உங்கள் வீட்டு வேதாகமத்தில் மாற்கு 9:3ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவின் வஸ்திரம் எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாகப் பிரகாசித்தது என்று வரும். 14ஆம் நூற்றாண்டு விக்லிஃப் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘ஃபுல்லர் அல்லது வாக்கர்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். ஏனென்றால் அதே வேலைக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில் வாக்கர், தென்மேற்கில் டக்கர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயரில் இருக்கும் தக்கரும் இதே டக்கர்தான்!

காட்டு அதிகாரி கதை ஏன் இணையதளத்துக்குப் பிடிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். சிறுநீர்த் தொட்டியைச் சட்டம் போட்டு யாரும் 6,500 ரூபாய்க்கு வாங்க மாட்டார்கள். ‘எங்கள் பாட்டனார் பிரபு’ என்று நம்புகிறவர்தான் வாங்குவார். இந்த வியாபாரமே அந்த ஆசையில் ஓடுகிறது. லண்டனில் 1484 முதல் ‘காலேஜ் ஆஃப் ஆம்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. குலச்சின்னம் ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கப்படுவது, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டும் போவது என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னமே கிடையாது. உங்களுக்கு விற்கப் பார்ப்பது யாரோ ஒரு வாக்கரின் சின்னம்.

அந்த ‘யாரோ’ எத்தனை பேர் என்று யோசியுங்கள். கம்பளி நெய்த ஊரிலெல்லாம் துணி மிதிக்க ஆள் இருந்தார். தொழிலுக்காகக் கூப்பிட்ட பெயர் 1400 வாக்கில் பரம்பரைப் பெயராக நிலைத்தபோது, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத எத்தனையோ வாக்கர் குடும்பங்கள் ஒரே சமயத்தில் உருவாகின. இன்று இங்கிலாந்தில் அதிகம் புழங்கும் முதல் 20 குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று. 1881 கணக்கெடுப்பில் இந்தப் பெயர்க்காரர்கள் அதிகம் இருந்தது கம்பளிக்குப் பேர்போன யார்க்‌ஷயரில். அமெரிக்காவிலும் முதல் 50க்குள் வரும். அங்கே அடிமை முறையின் வழியாக இந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட கறுப்பினக் குடும்பங்களும் நிறைய.

பெயர் மட்டும் ரத்தத்துக்குச் சாட்சி ஆகாது. இந்தி நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கரின் இயற்பெயர் பதுருதீன் ஜமாலுதீன் காஜி. இயக்குநர் குரு தத் அவருக்கு விஸ்கி பாட்டிலின் பெயரை வைத்தார். தென்தமிழக மிஷன் பள்ளிகளில் இங்கிலாந்து நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்ததும் உண்டு. உங்கள் தாத்தா அப்படி என்று நான் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவு கட்டக்கூடாது என்கிறேன்.

சரி, விசா. ‘ஆன்செஸ்ட்ரி விசா’, அதாவது முன்னோர் வழி விசா என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஏஜெண்டுகளின் பிழைப்பே அதில்தான். காமன்வெல்த் குடிமக்களில் 17 வயது நிரம்பியவர்கள், அங்கே வேலை செய்யும் எண்ணத்தோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் தாத்தா பாட்டிகளில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை, எங்கே பிறந்தார் என்றுதான் கேட்பார்கள். வாக்கர் உங்களுக்குத் தாத்தா, உங்கள் மகனுக்குக் கொள்ளுத் தாத்தா. கொள்ளுத் தாத்தா லண்டன் அரண்மனையிலேயே பிறந்திருந்தாலும் மகனுக்கு இந்த விசா கிடையாது. இது ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் 40,000 கேட்கிறார்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லியாக வேண்டும், நிறையப் பேர் கோட்டைவிடுவது இதில்தான். மதராஸ் படைகளில் வெள்ளைச் சிப்பாய்கள் என்றால் எல்லோரும் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை, அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். உங்கள் தாத்தா இப்போதைய அயர்லாந்துக் குடியரசுக்குள் இருக்கும் ஓர் ஊரில் 31 மார்ச் 1922க்கு முன் பிறந்திருந்தால், அதுவும் இந்த விசாவுக்குச் செல்லும். உங்களுக்கு மட்டும்தான், மகனுக்கு இல்லை. அப்படிப் பிறந்திருந்தால் அயர்லாந்தே உங்களைக் குடிமகளாகப் பதிந்துகொள்ளும். தாத்தாவோ பாட்டியோ அந்தத் தீவில் பிறந்திருந்தால் போதும், அவர்களுடைய வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏற்றலாம். ஆனால் நீங்கள் இன்று பதிந்தால் அது ஏற்கெனவே பிறந்துவிட்ட மகனுக்குப் போகாது, அவர் பிறப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். தவிர, இந்தியப் பாஸ்போர்ட்டையும் விட வேண்டிவரும். இவ்வளவும் தெரிந்த பிறகு, வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாத்தா எங்கே பிறந்தார் என்று கண்டுபிடிப்பதுதான் இப்போதைக்கு ஒரே வேலை. வீட்டுப் பீரோவிலிருந்து தொடங்குங்கள். அம்மாவின் ஞானஸ்நானச் சான்று, தாத்தாவின் கல்யாணச் சான்று, ரயில்வே சர்வீஸ் காகிதம், கல்லறைக் கல்லில் இருக்கும் தேதி. ஒரு தலைமுறையைக் காகிதத்தில் உறுதி செய்யாமல் அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தாவக்கூடாது. இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் வம்சாவளி மரங்களில் பாதி, இப்படித் தாவியதில் விளைந்த குப்பை.

மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என் 2’ என்ற வரிசையில் அவை இருக்கின்றன. ‘ஃபிபிஸ்’ என்கிற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளமும் இலவசம். ஏஜெண்ட் இந்த இரண்டிலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ‘ஆராய்ச்சிக் கட்டணம்’ போடுவார். தாத்தா கத்தோலிக்கர் என்றால் லண்டன் நகலை நம்பிக் காத்திருக்காமல் பங்கு ஆலயத்துக்கே போய்விடுங்கள்.

அங்கே பொறுமை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலய அலுவலகத்தில் என்னை மூன்றாம் தடவையாக ‘ஃபாதர் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பியபோது, நான் கேட்ட பதிவேடு அலுவலரின் மேசைமேல் டிபன் பாக்ஸுக்கு அடியில்தான் இருந்தது. நூறு வருஷத்துக் காகிதத்தை இப்படி வைத்திருக்கிறவர்கள், கேட்கிறவரைத் திருடனைப் போலப் பார்ப்பார்கள். இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் நுழைகிறார். நீங்கள் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீதும் கையெழுத்திட்ட நகலும் வாங்குங்கள்.

பதிவேட்டில் தேடும்போது வாக்கரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழைய கையெழுத்தைப் படித்து அட்டவணை போட்டவர்கள் வாலர், வேக்கர், பார்க்கர் என்றெல்லாம் ஏற்றிவைத்திருப்பார்கள். தாத்தாவின் முதல் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் வைத்துத் தேடுங்கள்.