தேயிலைக்கு அடியில் தோண்டினால் வானத்திலிருந்து தெரியுமா?

கேள்வி: எங்கள் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்கங்கள் நிறைய. இப்போதும் ராத்திரியில் ஆள் இறங்கித் தோண்டுகிறார்கள், ஓடை கலங்கி வருகிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து எவ்வளவு இடம் கெட்டிருக்கிறது என்று காட்ட முடியுமா?
– பெயர் வேண்டாம், பந்தலூர்

பதில்: ஓரளவு முடியும். ஆனால் உங்கள் ஊரில் பச்சையை நம்பக் கூடாது.

நீலகிரியில் உங்கள் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டி லண்டனில் பங்கு விற்றுத் தொடங்கிய கம்பெனிகள் சில வருடங்களிலேயே கடையைக் கட்டின, குழிகள் மட்டும் நின்றுவிட்டன, அதன் மேல் இன்று தேயிலையும் புதரும். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒரு இடம் எவ்வளவு பசுமை என்று கணக்குப் போடுகிறார்கள். சோலைக்காடும் தேயிலையும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கிவிடும். தேயிலையைக் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட வருடம் பாருங்கள், மொத்தத் தோட்டமும் பழுப்பாகி சுரங்கம் வெட்டிய மாதிரியே தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தைக் காட்டி யாராவது "பார், அழிந்துவிட்டது" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கவாத்து நிலம் சில மாதத்தில் துளிர்த்துவிடும், தோண்டிப் போட்ட மண் அப்படியே கிடக்கும். வருடா வருடம் ஒரே மாதத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும், உங்கள் ஊர் மழைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் மேகமில்லாத படம் கிடைக்கும்.

படங்கள் இலவசம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972-லிருந்து எடுக்கிறது, 1980-களிலிருந்து வந்தவற்றில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். 2015-ல் வந்த ஐரோப்பாவின் சென்டினல்-2-ல் புள்ளி 10 மீட்டர், இரண்டரை சென்ட். ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் வாய் திறந்த குழி இரண்டிலும் விழாது. கொட்டிய மண்மேடு, புதிதாகப் போட்ட வண்டித்தடம், சரிந்த ஓடைக்கரை, இவைதான் விழும், இவற்றைத்தான் தேட வேண்டும்.

பாதரசம் எந்தப் படத்திலும் தெரியாது. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தியிருந்தால் அது ஓடை வண்டலில் தங்கி மீனுக்குள் போகும், உங்கள் தண்ணீர் பாண்டியாறு வழியாகச் சாலியாற்றுக்குப் போவதால் கீழே கேரளத்தில் இருப்பவர்களுக்கும் இது சேரும். வண்டலை அள்ளி ஆய்வகத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும், எங்கே அள்ளுவது என்பதற்கு வேண்டுமானால் வரைபடம் உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் குழிக்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் கூலி போதாதவர், மேலே மண் சரிந்தால் உயிரே போய்விடும். வரைபடத்தைப் புகாராகக் கொடுக்கும்போது ஆளைப் பிடியுங்கள் என்று எழுதாமல் பழைய குழிகளை அடையாளம் கண்டு மூடுங்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: பழனி மலை அடிவாரத்தில் கல் குவாரி எல்லை தாண்டி வெட்டுவதாகச் சந்தேகம். வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உண்டு. குத்தகை எல்லையின் ஆயத்தொலைவுகளையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், கூகுள் எர்த்தில் அந்த எல்லையை வரைந்து பழைய தேதிப் படங்களோடு ஒப்பிடுங்கள். இரும்புத்தாது போல, சட்டம் 'பெரிய கனிமம்' என்று வகைப்படுத்தியவற்றின் சுரங்கங்களுக்கு மத்திய அரசு 2016-லிருந்து இதையேதான் செய்கிறது, குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிறது. கருங்கல் சிறு கனிமம், மாநில அரசின் பொறுப்பு, ஆகவே மனுவை மாவட்டக் கனிமவளத் துறைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதி இருக்கட்டும். மலைப்பகுதியில் கூகுள் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கும், அதனால் ஐந்து மீட்டர் மீறலுக்கு இந்தப் படம் போதாது, சர்வேயர் வந்து அளக்க வேண்டும். ஐம்பது மீட்டர் என்றால் தயங்காமல் கொடுங்கள்.