வேலையை விட்டாயிற்று, பணமும் இருக்கிறது; செலவு செய்யத்தான் கை வரவில்லை

கேள்வி: எனக்கு 48 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு வேலையை விட்டுவிட்டேன். எங்கள் ஒரு வருடச் செலவைப்போல 30 மடங்கு சேமிப்பு இருக்கிறது. அதில் 60% பங்குகளில், மீதி வைப்புத்தொகையிலும் கடன் பத்திரங்களிலும் உள்ளது. கடன் எதுவும் இல்லை. மனைவி இன்னும் மூன்று வருடம் வேலைக்குப் போகப்போகிறார். அவர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று ஆகிவிடக்கூடாது என்பதால் வீட்டுச் செலவு முழுவதையும் என் சேமிப்பிலிருந்தே எடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஏதோ தப்பு செய்வதுபோல் இருக்கிறது. தினமும் காலையில் மொத்தம் எவ்வளவு என்று பார்க்கிறேன். சந்தை இறங்கிய நாளில் தூக்கம் வருவதில்லை. ஆசைப்பட்ட ஒரு பயணத்தையும் தள்ளிப்போட்டாயிற்று. நண்பர் ஒருவர் தன் தொழிலில் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். பேசாமல் பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: பணத்துக்காகத் திரும்ப வேண்டியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை வருடமாக மாதக் கடைசியில் அந்த எண் ஏறுவதைப் பார்த்தே பழகியவர் நீங்கள். இப்போது திட்டம் ஒழுங்காக நடந்தாலும் அது சில மாதங்களில் இறங்கத்தான் செய்யும். சீக்கிரம் ஓய்வு பெறும் அளவுக்குச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் செலவுக்குக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே போய்விடாது. இதைக் குறையாக நினைக்காதீர்கள்.

ஆனாலும் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. அதைச் சும்மா ‘கவலைப்படாதீர்கள்’ என்று தள்ளிவிட மாட்டேன். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் பழைய சந்தைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். முதல் வருடம் சேமிப்பில் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தகுந்தபடி அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால், மோசமான காலத்தில் தொடங்கியவர்களுக்கும் 30 வருடம் பணம் தாங்கியது என்பது அவர் கண்டது. நீங்கள் எடுப்பது சுமார் 3.3%. உங்களுக்கு 30 வருடம் போதாது, 40, 45 வருடம்கூட வேண்டியிருக்கலாம் என்பதால் இந்தக் குறைந்த விகிதம் சரியானது. அவர் கணக்கு அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்டது என்பதாலும் கொஞ்சம் இடைவெளி விட்டுவைப்பது நல்லது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதிகம் அடிபட்டவர்கள் 1929 சரிவுக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் அல்ல. 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள். 1929க்குப் பிறகு பங்குகளோடு விலைவாசியும் இறங்கியது, அதனால் செலவும் குறைந்தது. 1970களிலோ சந்தை தள்ளாடியபோது விலைவாசி ஏறிக்கொண்டே போனது. தூக்கம் வராத ராத்திரியில் ‘எல்லாவற்றையும் விற்று வைப்புத்தொகையில் போட்டுவிடலாமே’ என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். வருடம் 6% விலைவாசி ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். அதைச் சமாளிக்கத்தான் அந்தப் பங்குகள்.

சரி, சந்தை விழுந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வருடச் செலவை 1 என்று கொண்டால் சேமிப்பு 30, அதில் பங்குகள் 18. பங்குகள் 30% விழுந்தால் 18 என்பது 12.6 ஆகும். மொத்தம் 24.6. அப்போதும் நீங்கள் எடுப்பது 4%ஐ ஒட்டித்தான் இருக்கும். தவிர, பங்கு அல்லாத பகுதியில் மட்டும் 12 வருடச் செலவு இருக்கிறது. விழுந்த விலையில் பங்கை விற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வரவே வராது என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கைத் தினமும் மனதில் போட்டுக்கொண்டிருக்காமல் ஒரு விதியாக எழுதிவைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு, அன்று மட்டும் மொத்தத்தைப் பாருங்கள். வருடச் செலவு சேமிப்பில் 4%ஐத் தாண்டியிருந்தால் அடுத்த வருடம் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். 2.7%க்குக் கீழே போயிருந்தால் அதே அளவு கூட்டுங்கள். உங்களைப் போன்றவர்கள் குறைக்கச் சொன்னால் உடனே குறைத்துவிடுவீர்கள். கூட்டச் சொன்னால்தான் தயங்குவீர்கள். அதனால் இரண்டையும் எழுதி, கீழே மனைவியும் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம், உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள். இரண்டு வருடச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அங்கிருந்து மாதம் ஒரு குறிப்பிட்ட தேதியில் வீட்டுக் கணக்குக்குத் தானாகவே பணம் போகும்படி செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் கையால் எடுப்பதனால்தான் அந்தக் குற்ற உணர்வு. பயணச் செலவையும் இந்தச் சம்பளத்துக்குள்ளேயே ஒரு தனித் தலைப்பாக வையுங்கள்; வருட முடிவில் அது செலவாகாமல் மிஞ்சினால் மறுபடி சேமிப்பில் சேர்க்கக்கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் மனைவியின் சம்பளம்தான். ஓய்வு பெற்றவருக்கு ஆபத்தான காலம் முதல் சில வருடங்கள். அப்போது சந்தை விழுந்து, அதிலிருந்தே செலவுக்கும் எடுத்தால் பிறகு சந்தை எழுந்தாலும் சேமிப்பு பழைய நிலைக்கு வராமல் போகலாம். சரியாக அந்த வருடங்களில் உங்கள் வீட்டுக்குள் ஒரு சம்பளம் வருகிறது. அதைச் செலவுக்குத் தொடமாட்டேன் என்கிறீர்கள்! வீட்டுச் செலவில் பாதியை அவர் ஏற்றால் மூன்று வருடத்துக்கு நீங்கள் எடுப்பது சுமார் 1.7%தான். நாளை அவர் ஓய்வு பெற்றபின் இதே சேமிப்பில்தானே அவரும் இருக்கப்போகிறார்? இதை ‘உட்கார்ந்து சாப்பிடுவது’ என்று அவர் சொன்னாரா, நீங்களாக நினைத்துக்கொண்டதா? அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது வீட்டு வேலைகளில் எவையெல்லாம் இனி உங்களுடையவை என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். காலையில் அவர் அவசரமாகக் கிளம்பும்போது நீங்கள் சந்தை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தால், பணக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வீட்டில் மனத்தாங்கல் வரும்.

பழைய வேலை விஷயத்தில் ஒரு கேள்வி மட்டும். சேமிப்பு 30 மடங்குக்குப் பதில் 60 மடங்கு இருந்தால் அப்போதும் திரும்பிப் போகத் தோன்றுமா? தோன்றும் என்றால் நீங்கள் தேடுவது அந்த வேலையையும் மனிதர்களையும்தான். அது தாராளமாகச் செய்யக்கூடிய காரியம், வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலும் போதும். துறைத் தொடர்புகள் ஆறிப்போகும் முன்பே விசாரித்துவையுங்கள். வேலையோடு அலுவலக மருத்துவக் காப்பீடும் போயிருக்கும்; சொந்தமாக எடுத்திருக்காவிட்டால் இந்த மாதமே எடுங்கள்.

நண்பரின் தொழிலுக்கு ஒரு வருடம் முடியும்வரை பதில் சொல்ல வேண்டாம். கையில் பணமும் நேரமும் இருப்பவரைத் தேடி இப்படி அழைப்புகள் வரும். பிறகும் மனம் அதிலேயே இருந்தால் ஆறு மாதச் செலவுக்கு மேல் போடாதீர்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் எந்தத் தொகைக்கும் கூடாது.