நோயாளி போகாத துறைகள் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்குச் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மிட்ரல் வால்வு கெட்டுப்போனது. சில ஆண்டுகளுக்கு முன் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறான். மாதம் ஒருமுறை புதுச்சேரியில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போய், இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டு வருகிறோம். சென்ற முறை, முதுநிலை படிக்கும் மருத்துவர் ஒருவர் வந்து, மருந்தியல் துறையின் மரபணு ஆய்வுக்காக ஐந்து மில்லி இரத்தம் கூடுதலாகத் தர முடியுமா என்று கேட்டு, நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

காத்திருந்த நேரத்தில் சுவரில் இருந்த துறைகளின் பட்டியலைப் படித்தேன். உயிர்வேதியியல், உடலியங்கியல், சமூக மருத்துவம், புள்ளியியல் என்று நோயாளிகள் எட்டிப்பார்க்காத துறைகள் பல இருக்கின்றன. வைத்தியம் பார்க்கும் இடத்தில் இத்தனை ஆராய்ச்சித் துறைகள் எதற்கு? அந்தப் பணத்தில் இன்னும் சில டாக்டர்களைப் போட்டால் வரிசையாவது குறையுமே? தம்பி இரத்தம் கொடுக்கலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கேள்விக்கான விடையை உங்கள் தம்பியின் வால்விலிருந்தே தொடங்குகிறேன். ருமாட்டிக் காய்ச்சலின் தொடக்கம் இதயத்தில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியால் தொண்டைப்புண் வருகிறது. அந்த நுண்ணுயிரியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பாற்றல், சில பிள்ளைகளிடம் மட்டும், அவர்களுடைய சொந்த இதயத்தின் வால்வுகளையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. மூட்டுவலியும் காய்ச்சலும் சில வாரங்களில் அடங்கிவிடும். வால்வில் விழுந்த வடு மட்டும் தங்கி, ஆண்டுக்கணக்கில் தடித்துச் சுருங்கும். எந்த வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இதைச் செய்கிறது என்று தேடுபவர் நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறார். ஒரே தொண்டைப்புண் வந்த இரு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் வால்வு கெடுகிறது என்று கேட்பவர் நோயெதிர்ப்பியலாளர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டால் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்கலாம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்திதான். ஆனாலும் அந்த ஊசியைப் பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்கள் ஏன் நிறுத்துகின்றன என்பதை, வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிய வேண்டியவர் சமூக மருத்துவத் துறையினர். இவர்கள் எல்லோரும் வேலை செய்து முடித்த பின்னும், அல்லது செய்யத் தவறிய பின்னும், கடைசியில் வருபவரே இதய அறுவை மருத்துவர். உங்கள் குடும்பம் நேரில் கண்டது அவரை மட்டுமே.

இப்போது அந்த ஐந்து மில்லி இரத்தத்துக்கு வருகிறேன். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை. உடல் அதை ஒருமுறை பயன்படுத்தியதும் மீண்டும் புதுப்பித்துக்கொள்கிறது. அந்தப் புதுப்பிக்கும் வேலையைச் செய்யும் நொதியைத்தான் உங்கள் தம்பியின் மாத்திரை தடுக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் வி.கே.ஓ.ஆர்.சி.1. மாத்திரையைச் சிதைத்து உடலிலிருந்து அகற்றுவது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2சி9 என்னும் வேறொரு நொதி. இந்த இரண்டு மரபணுக்களிலும் மனிதருக்கு மனிதர் சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. சிதைக்கும் நொதி மந்தமாக உள்ளவருக்குச் சிறிய அளவு மாத்திரையே உடலில் தேங்கி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். இன்னொருவருக்கு அதே அளவு போதாமல் வால்வில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். மருந்து சாப்பிடாதவருக்கு ஐ.என்.ஆர். ஏறத்தாழ 1 இருக்கும். மிட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அதைப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிறுத்திவைக்க வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்பதற்காகத்தான் நீங்கள் மாதந்தோறும் பேருந்து ஏறுகிறீர்கள்.

எவருக்கு எவ்வளவு மாத்திரை என்பதை முன்கூட்டியே கணிக்க வெளிநாடுகளில் கணக்கீட்டு முறைகள் வகுத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வேறு மக்களிடம் எடுத்த அளவுகளை வைத்து எழுதப்பட்டவை. மரபணு வேறுபாடுகள் எந்த விகிதத்தில் காணப்படுகின்றன என்பது மக்களுக்கு மக்கள் மாறுகிறது, எடை மாறுகிறது, உணவு மாறுகிறது. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வைட்டமின் கே நிறைந்தவை. (கீரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் சாப்பிடும் அளவு பெரிதாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.) புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையினர் தென்னிந்திய மக்களிடம் இந்த நொதிகளின் மரபணு வேறுபாடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு எத்தனை மில்லிகிராம் சரியாக இருக்கும் என்பதைக் கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மக்களின் இரத்தத்தைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? மருந்தியல் துறையில் படுக்கை இல்லை, வெளிநோயாளிச் சீட்டு இல்லை. ஆனால் உங்கள் தம்பியின் கையில் இருக்கும் அட்டையில் எழுதப்படும் எண் அந்தத் துறையின் அக்கறைக்குரியது.

துறைகள் ஏன் இத்தனை என்பதற்கு நம் வட்டாரத்தின் பழைய நோய் ஒன்றையும் சொல்ல வேண்டும். யானைக்கால் நோயை உங்கள் தலைமுறையினர் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அதற்காகவும் பிற கொசுவழி நோய்களுக்காகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. நோயை உண்டாக்கும் புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கிறது. அது ஈனும் நுண்புழுக்கள் பகலில் உடலின் உட்பகுதிகளில் ஒடுங்கிக் கிடந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலருகே ஓடும் இரத்தத்துக்குப் பெருமளவில் வருகின்றன. ஆகவே ஆய்வாளர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டி, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவரின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்தார்கள். எந்த நேரத்திலும் செய்யக்கூடிய அட்டைச் சோதனை வந்தது பின்னால்தான். நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் முட்டையிடுவதால், பூச்சியியல் படித்தவர் தேவைப்பட்டார். டை எத்தில் கார்பமசின் மாத்திரை நுண்புழுக்களைக் கொல்கிறது, தாய்ப்புழுக்கள் முழுவதையும் கொல்வதில்லை. எனவே எத்தனை ஆண்டுகள், ஊரில் எத்தனை விழுக்காட்டினர் விழுங்கினால் பரவல் நிற்கும் என்று கணக்கிடக் கணிதம் அறிந்தவர் தேவைப்பட்டார். புதுச்சேரியில் திரட்டிய தரவுகளைக் கொண்டு அத்தகைய கணினி மாதிரியும் உருவாக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து கொடுத்த மாத்திரையை வாங்கிச் சன்னலில் வைத்துவிட்டு விழுங்காமல் விடுபவரின் மனத்தை அறிய சமூகவியலாளர் தேவைப்பட்டார். ஏற்கெனவே வீங்கிய காலை நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டால் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் வலியும் வெகுவாகக் குறையும் என்பதும் ஆய்ந்து அறிந்ததே. இதில் எந்தத் துறையை நீக்கியிருந்தாலும் மற்றவர்களின் உழைப்பு பாதியில் நின்றிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அந்த மரபின் தொடர்ச்சியே 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்று, 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பொது மருத்துவம் என்று ஒன்றாக இருந்ததிலிருந்து இதயம், சிறுநீரகம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி எனக் கிளைகள் பிரிந்தது எல்லா இடத்திலும் நடந்ததுதான். அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர்களைக் கூட்டினால் வரிசை குறையும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கூட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கான பணத்தை அந்தத் துறைகளிலிருந்து எடுக்கலாகாது. அவை ஏற்கெனவே மெலிந்திருக்கின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் முதுநிலை இடங்கள் ஆண்டுதோறும் நாடு முழுவதும் நிரம்பாமல் கிடக்கின்றன. தனியாக மருத்துவமனை நடத்தி வருமானம் பார்க்க வழியில்லாத படிப்பு என்பதால் பிள்ளைகள் தயங்குகிறார்கள். எனக்கு இது வரிசையைக் காட்டிலும் பெரிய கவலையாக இருக்கிறது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: வரிசையின் நீளத்தையே குறைக்கும் வேலை அந்தத் துறைகளில்தான் நடக்கிறது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டில் உடன் வாழ்பவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஜிப்மர் நடத்திய ஆய்வில், மருந்தோடு சேர்த்து, நோயாளி என்ன சாப்பிட்டார், எவ்வளவு மெலிந்திருந்தார், குடிப்பழக்கம் உண்டா என்பதையும் பார்த்தார்கள். ஊட்டக்குறைவு உள்ள உடலைக் காசநோய் எளிதில் பற்றும். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததும் மற்றவர்களுக்கு வராமல் காத்தால், அவர்கள் யாரும் சீட்டு வாங்க வரவேண்டியதே இல்லை.

ஒரு குறையை நானும் சொல்லியாக வேண்டும். முதுநிலை மாணவர் மூன்று ஆண்டுப் படிப்புக்குள் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்துக்குப் போகிறது. இரத்தம் கொடுத்தவருக்கு, அந்த ஆய்வில் என்ன தெரிந்தது என்று தமிழில் ஒரு பக்கம்கூடத் திரும்பி வருவது அரிது. அந்த ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த நான்கு பக்கங்களைத் தம்பியோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். மனிதரிடம் நடக்கும் எந்த மருத்துவ ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, அந்தக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும். சட்டம் அறிந்தவர் ஒருவரும் மருத்துவம் படிக்காத பொதுமக்களில் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தத்தை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்துவார்களா, தம்பியின் பெயர் எப்படி மறைக்கப்படும், அவனுடைய மாத்திரை அளவுக்கு உதவும் முடிவு கிடைத்தால் அவனிடம் சொல்வார்களா என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வுக்கான பரிசோதனைக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும், ஒப்புக்கொண்ட பின் காரணம் கூறாமல் விலகவும் தம்பிக்கு உரிமை உண்டு; எதைச் செய்தாலும் அவனுடைய சிகிச்சையில் மாற்றம் இருக்கக் கூடாது. கையெழுத்திட்டால் படிவத்தின் ஒரு படியை வாங்கி ஐ.என்.ஆர். அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்தால், வழக்கமான பரிசோதனைக்கு ஊசி குத்தும்போதே அந்த ஐந்து மில்லியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். முடிவைத் தம்பியே எடுக்கட்டும். என்னைக் கேட்டால், கொடுக்கலாம் என்றே சொல்வேன்.

அன்புடன்.