என் இரண்டு நிறுவனங்களில் ஒன்றில் மட்டும் 401(கே) திட்டம் வைத்திருப்பது அமெரிக்க வரிச்சட்டப்படி சரியா?

நீங்கள் தந்த விவரம் இது. உங்களுக்கு முழுவதும் சொந்தமான மென்பொருள் நிறுவனத்தில் உங்களையும் சேர்த்து 12 பேர் இருக்கிறார்கள், அங்கே 401(கே) என்னும் ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம் உண்டு. நீங்கள் 85 சதவீதப் பங்கு வைத்திருக்கும் உணவகத்தில் 25 பேர் வேலை செய்கிறார்கள், அங்கே திட்டம் இல்லை. மீதிப் பங்கு வைத்திருக்கும் நண்பர் முதல் போட்டதோடு சரி, அங்கு வேலை செய்வதில்லை. வரி எண்ணும் கணக்கும் தனித்தனி என்பதால் சிக்கல் இல்லை என்று உங்கள் கணக்காளர் சொல்லியிருக்கிறார். இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுச் சோதனை செய்வதே என் வேலை. அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐந்து பேருக்கு மேற்படாத உரிமையாளர்கள், ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 80 சதவீதமும், எல்லாவற்றிலும் பொதுவாக அமையும் பங்காக 50 சதவீதத்துக்கு மேலும் வைத்திருந்தால், அந்நிறுவனங்களை ஒரே முதலாளியாகவே வரிச்சட்டத்தின் 414ஆம் பிரிவு கருதுகிறது. இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வைத்திருப்பதால், நீங்கள் ஒருவரே இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறீர்கள்.

ஆகவே, சாதாரணப் பணியாளர்களில் போதிய பேர் திட்டத்தில் இருக்கிறார்களா என்று பார்க்கும் 410(பி) பிரிவின் கவரேஜ் சோதனையில் உணவகத்தாரும் எண்ணிக்கையில் வருகிறார்கள். 2025க்கான சோதனையில் உயர் ஊதியத்தார் இருவர்: 5 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள நீங்கள், 2024இல் 1,55,000 டாலருக்கு மேல் சம்பளம் பெற்ற உங்கள் மென்பொருள் பணித்திட்ட மேலாளர். இருவரும் திட்டத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் 100 சதவீதம். மற்றவர்களில் மென்பொருள் பக்கம் 10 பேர். உணவகத்தில், 21 வயது நிரம்பாதவர்களையும் ஓராண்டில் 1,000 மணி நேரம் வேலை செய்யாதவர்களையும் கழித்து 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 30இல் 10 என்பது 33 சதவீதம்தான், வேண்டியது 70. உங்கள் திட்டம் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறது என்றால், வயதையும் மணிக்கணக்கையும் காட்டி அப்படி எளிதாகக் கழித்துவிடவும் முடியாது.

சராசரிப் பலன் சோதனை என்று இன்னொரு வழி உண்டு. அதன் முதல் படியை 33 சதவீதத்தோடு நீங்கள் தாண்டிவிடலாம். இரண்டாம் படியில், மற்றவர்களின் சராசரிப் பலன் (சம்பளத்தில் எத்தனை சதவீதம் திட்டத்தில் சேர்கிறது என்பது) உயர் ஊதியத்தாரின் சராசரியில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். உங்கள் இருவரின் சராசரி 10 சதவீதம் என்றால் அந்த 30 பேரின் சராசரி 7 வர வேண்டும், இருபது பேர் பூஜ்யமாக நிற்பதால் மீதிப் பத்துப் பேருக்குச் சராசரியாக 21 சதவீதம் தேவைப்படும். நடக்காது. இரண்டையும் தனித்தனித் தொழில் பிரிவுகள் என்று காட்டித் தனியே சோதிப்பதற்கோ ஒவ்வொன்றிலும் 50 பேராவது வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் எங்கள் ஆண்டுப் படிவத்தில், ‘வேறு தொழிலில் பங்கு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, ‘மோட்டலில் இன்று ஆள் வரவில்லை’ என்றார். எனக்குத் திக்கென்றது. அதற்குள் திருத்தக் கெடு கடந்திருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, கேள்வி மோட்டலையும் குறிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. நாட்காட்டி ஆண்டையே திட்ட ஆண்டாகக் கொண்டிருந்தால், அடுத்த அக்டோபர் 15க்குள் பின்தேதியிட்டுத் திட்டத்தைத் திருத்தலாம். அப்படிச் சேர்க்கப்படுவோருக்கு, உயர் ஊதியம் பெறாதோரின் சராசரிச் சேமிப்பு விகிதத்தை நீங்களே கையிலிருந்து செலுத்த வேண்டும். இனிவரும் ஆண்டுகளுக்கோ, பணியாளரின் சொந்தச் சேமிப்புப் பகுதியில் அவர்களுக்குத் தகுதி தந்தாலே போதும். அவர்கள் பணம் போடாவிட்டாலும் கவரேஜ் கணக்கில் சேர்வார்கள். ஆனால் திட்டச் சொத்தில் 60 சதவீதத்துக்கு மேல் உரிமையாளர் போன்ற முக்கியப் பணியாளர்களின் கணக்கில் இருந்தால், பொதுவாக மற்றவர்களுக்குச் சம்பளத்தில் 3 சதவீதம் செலுத்த நேரும். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உணவகப் பணியாளர் ஒவ்வொருவரின் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வேலை செய்த மணி நேரம், சம்பளம் ஆகிய நான்கையும் எடுத்து, உங்கள் திட்ட நிர்வாகியிடம் இந்த வாரமே கொடுங்கள்.