அமைப்புரீதியான இனவெறியை ஒரு மாநகராட்சியால் குறைக்க முடியுமா? அமெரிக்க நகரமான சியாட்டிலில் என்ன செய்தார்கள்?

முடியும், ஓரளவுக்கு. யாராவது வந்து கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற அலுவலக வழக்கத்தை எங்கெல்லாம் மாற்றினார்களோ, அங்கெல்லாம் சியாட்டிலில் பலன் தெரிந்தது. அதை மாற்றாமல் பயிற்சி வகுப்போடு நிறுத்திய இடங்களில் காகிதம்தான் மிச்சம்.

அங்கே தெருவிளக்குகளைப் பராமரிப்பது சியாட்டில் சிட்டி லைட் என்ற நகர மின் துறை. முன்பு பல்பு போனால், அந்தத் தெருக்காரர் யாராவது போன் செய்து சொல்ல வேண்டும். பிறகுதான் ஆள் வருவார். எல்லாருக்கும் ஒரே நம்பர், ஒரே விதி. மேலோட்டமாகப் பார்த்தால் பாரபட்சமே தெரியாது. ஆனால் போன் செய்பவர் யார்? ஆங்கிலம் சரளமாக வருபவர், சொந்த வீட்டில் இருப்பவர், சொன்னால் காரியம் நடக்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர். அதனால் வசதியான, வெள்ளையர் அதிகமுள்ள பகுதிகளில் விளக்கு உடனே எரிந்தது. மற்ற தெருக்கள் இருட்டில் கிடந்தன. இதற்கு ஒரு ஊழியர்கூட மனதில் இனவெறியோடு இருந்திருக்க வேண்டியதில்லை; அமைப்புரீதியான இனவெறி என்பது இதுதான். தீர்வும் எளிமையானது: புகாருக்குக் காத்திருக்காமல், பகுதி பகுதியாக முறை வைத்துப் பல்புகளை மாற்றுவது.

எந்தப் பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் தானாக அமைந்ததில்லை. பல வீட்டுப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் யூதர்களுக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1948-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. ஆனாலும் வீடு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் நகரச் சட்டத்தை 1964-ல் வாக்காளர்களே தோற்கடித்தார்கள். 1968-ல்தான் அது நிறைவேறியது. கறுப்பினத்தவர் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரே வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது இப்படித்தான்.

2004-ல் மேயர் கிரெக் நிக்கல்ஸ் காலத்தில் ‘இன, சமூக நீதி முன்னெடுப்பு’ தொடங்கியது. அதன் முக்கியக் கருவி ஆறு படி கொண்ட ஒரு மதிப்பீட்டு முறை. எந்த விளைவை எதிர்பார்க்கிறோம் என்று முதலில் எழுதுவது. பாதிக்கப்படும் மக்களையும் தரவையும் சேர்த்து ஆராய்வது. யாருக்கு லாபம், யாருக்குச் சுமை என்று பிரித்துப் பார்ப்பது. சுமையைக் குறைக்கத் திட்டத்தைத் திருத்துவது. நடந்த பிறகு அளந்து பார்ப்பது. கடைசியில் அறிக்கை தருவது. பட்ஜெட், கொள்கை, திட்டம் எதற்கும் இதைப் பயன்படுத்தலாம்.

இது வழக்கமாகச் சறுக்குவது முதல் படியில்தான். முடிவெடுத்து, டெண்டரும் விட்ட பிறகு படிவத்தை நிரப்பினால், எடுத்த முடிவுக்கு நியாயம் கற்பிக்கத்தான் அது உதவும். வரைவு நிலையிலேயே, திட்டத்தைக் கைவிடவும் வாய்ப்பிருக்கும்போதே செய்ய வேண்டும். அடுத்த சறுக்கல் தரவில். ‘ஆசியர்’ என்று ஒரே கட்டத்தில் போட்டால், மென்பொருள் பொறியாளரின் சம்பளம் கம்போடிய அகதிக் குடும்பத்தின் வறுமையை மறைத்துவிடும்.

சட்டத் தடையும் உண்டு. 1998-ல், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் வாக்காளர்கள் நிறைவேற்றிய ஐ-200 என்ற சட்டம், அரசு வேலையிலும் ஒப்பந்தத்திலும் இனத்தை வைத்து முன்னுரிமை தருவதைத் தடுக்கிறது. அதை மீறாமல் நகரம் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2015-ல் வந்த ‘பிரையாரிட்டி ஹயர்’ சட்டப்படி, 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நகரக் கட்டுமானப் பணிகளில், வேலை நேரத்தில் ஒரு பங்கு வறுமை மிகுந்த ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு) பகுதிகளில் வசிக்கும் தொழிலாளர்களுக்குப் போக வேண்டும். கணக்கு ஆள் எண்ணிக்கையில் இல்லை, வேலை மணிநேரத்தில். பெயருக்கு நாலு பேரைச் சேர்த்து இரண்டே நாளில் அனுப்பிவிடும் ஒப்பந்ததாரர் அதில் மாட்டிக்கொள்வார். பழகுநர் பயிற்சிக்கு முந்தைய பயிற்சியையும் இதோடு இணைத்தார்கள். அடிப்படைத் தயாரிப்பு இல்லாதவருக்குப் பழகுநர் பயிற்சியில் இடம் கிடைப்பது கடினம்.

வீட்டு வாடகையில் நகரின் சிவில் உரிமைகள் அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. சம்பளம், வேலை எல்லாம் ஒத்த இரண்டு பேரை, இனம் மட்டும் வேறாக, ஒரே வீட்டைக் கேட்டு அனுப்பும். ஒருவரிடம் ‘காலியில்லை’ என்று சொல்லி மற்றவருக்கு வீட்டைக் காட்டினாலோ, வாடகையை மாற்றிச் சொன்னாலோ, அலுவலக இயக்குநரே வழக்குப் பதியலாம். ஏமாற்றப்பட்டவருக்குத் தான் ஏமாற்றப்பட்டதே தெரியாது என்பதால், புகாருக்குக் காத்திருந்தால் இது வெளியே வரவே வராது.

நம்மவர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்று: 2023 பிப்ரவரி 21 அன்று, கவுன்சிலர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தை 6-க்கு 1 என்று நிறைவேற்றி, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் ஆனது சியாட்டில். வேலை, வீடு, பொது இடம் மூன்றுக்கும் பொருந்தும். தேவையான சட்டம்தான், மனமார வரவேற்கிறேன். ஆனால் இது மறுபடி புகாரை நம்பியே நிற்கிறது. எந்தப் படிவத்திலும் சாதி இல்லாததால், பதவி உயர்வில் யார் விடுபடுகிறார்கள் என்று நகரம் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டிலேயே இருக்க முடியுமா என்ற பயம். புகார் கொடுத்தால் தன் சாதி எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் அதற்கும் மேல்.

சியாட்டிலில் இருந்துகொண்டு இதை எதிர்கொள்பவர்கள், ‘உங்க சொந்த ஊர் எது, வீட்டில் வெஜ்ஜா’ என்று தொடங்கும் விசாரணையிலிருந்தே தேதி, இடம், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு மீட்டிங் அழைப்பு நின்றதா, மதிப்பீடு இறங்கியதா என்பதையும் அதே வரிசையில் சேருங்கள். குறிப்புகள் உங்கள் சொந்த போனில் இருக்கட்டும்; ஆபீஸ் லேப்டாப்பை வேலை போகும் அன்றே பிடுங்கிவிடுவார்கள். நகரின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை; புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் தனிக் குற்றச்சாட்டாகும். காலக்கெடு உண்டு என்பதால் வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.