மூதூரில் இருக்கும் அம்மாவை அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் எப்படிச் சேர்ப்பது?

அம்மாவுக்குச் சீனி வருத்தம், திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா, காசு கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கட்டத் தேவையில்லை. இலங்கையில் அரச வைத்தியம் இலவசம்.

முதலில் மூதூர் ஆதார வைத்தியசாலைக்கே போங்கள். காலையிலேயே வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து டொக்டரிடம் காட்டினால், தேவைப்பட்டால் அவரே கிளினிக்குக்கு எழுதுவார். மாதாமாதம் திருகோணமலைக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் அலைவது வயதானவருக்குப் பெரிய பாடு. மூதூரில் பார்க்க முடியாததென்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

கிளினிக் கொப்பிதான் உயிர். அம்மாவின் மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு, அடுத்த திகதி எல்லாம் அதில்தான் இருக்கும். என் அப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில் வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது நோய் விபர அட்டையைத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த டொக்டருக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று சொல்லத் தெரியாமல் நின்றோம். அதனால் கேட்டு வாங்குங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள்.

சில நேரம் மருந்து கையிருப்பில் இருக்காது. வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தருவார்கள். அதற்குக் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள். சீனி திடீரென இறங்கி அம்மா மயங்கினால் ஓட்டோ தேடாதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம்தான்.