டு-லெட் போர்டும் மத உரையாடலும்

அன்புள்ள அக்கா,

நான் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கம்மனஹள்ளி. நண்பர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவில் கூடி அவரவர் மதத்தைப் பற்றிப் பேசுகிறோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ஒரு சமணர். போன மாதம் முஸ்லிம் நண்பன் தனக்கு வீடு கிடைக்காத கதையைச் சொன்னான். பெயரைச் சொல்லும்வரை எல்லாம் சரியாகப் போகிறதாம். எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மதப் பெரியவர்களை அழைக்கலாமா? புனித நூல்களைச் சேர்ந்து வாசிக்கலாமா? பாட்டு வைக்கலாமா? "பேசியே நாட்டைத் திருத்தப் போறீங்களா" என்று அப்பா கிண்டல் செய்கிறார். மாடியில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விடுவதால் தனக்குத்தான் உலகம் தெரியும் என்ற நினைப்பு அவருக்கு.

ச.

அன்புள்ள ச.,

பெரியவர்களை அழைப்பது உங்கள் இஷ்டம். வருவார்கள், எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்பார்கள், சால்வையை வாங்கிக்கொண்டு போவார்கள். நூல் வாசிப்பு நல்லதுதான். இந்த ஊருக்கு அது புதிதும் இல்லை. மதத்தையும் சமூகத்தையும் ஆராய 1957ல் பெங்களூரில் தொடங்கிய கிறிஸ்தவ நிறுவனத்தின் முதல் இயக்குநர் பி.டி. தேவநந்தன், இந்துக்களோடு உட்கார்ந்து பேசுவதை ஒரு வேலையாகவே செய்தார். பாட்டும் வையுங்கள்.

நான் நின்றுவிட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில். அந்த இரண்டு போர்ஷனில் இப்போது யார் இருக்கிறார்கள், தம்பி? உங்கள் நண்பன் வந்து கேட்டால் அப்பா தருவாரா? இதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லையே! பூங்காவில் மாதாமாதம் மதம் பேசுகிறவருக்குச் சொந்த வீட்டு மாடிப்படி கண்ணில் படவில்லை.

அல்சூரில் இருந்த என் பெரியம்மாவுக்கு எந்த மதத்தின் மேலும் வெறுப்பு கிடையாது. செப்டம்பர் 8ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தியோடு போவார். பேரன் ராத்திரியெல்லாம் அழுதால் மறுநாள் சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நிற்பார். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குழந்தைக்கு ஓதி ஊதிவிட்டுப் போவார்கள்.

ஒருமுறை மாடி காலியானபோது புரோக்கர் ஒரு கீழக்கரைப் பையனை அழைத்து வந்தார். அவன் பேசிய தமிழைக் கேட்டுப் பெரியம்மாவுக்கு ஒரே பூரிப்பு. காபி கொடுத்தார். பத்து மாத அட்வான்ஸ், பால் காய்ச்ச நாள், தண்ணீர் மோட்டார் போடும் நேரம் வரை பேசியாயிற்று. அப்புறம்தான் பெயரைக் கேட்டார். "தப்பா நினைக்காதப்பா, அசைவம் சமைக்கிறவங்களுக்கு நாங்க விடறதில்ல" என்றார். அடுப்பில் மத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பையன் காபிக்கு நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அன்று ராத்திரி பெரியம்மா மகள் போட்ட சண்டையில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "ஓதி ஊத மட்டும் அவங்க வேணும், மாடி ஏறக் கூடாதா? தொண்ணூத்தொண்ணுல தமிழன்னு நம்மள அடிச்சப்ப நீ என்ன சொன்னே?" 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில், கடைப் பலகையில் தமிழ் இருந்ததற்காக அடி வாங்கிய குடும்பம் அது. பெரியம்மா அழுதார், அக்கம்பக்கம் என்ன பேசும் என்றார். மகள் விடவில்லை, வாரக்கணக்கில் விடவில்லை. அந்தப் பையன் போனது போனதுதான். ஆனால் அடுத்து குடிவந்தவர் தையல் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம். வாடகையில் ஐநூறு ரூபாய் ஏற்றித்தான் விட்டார் பெரியம்மா, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மா உங்கள் கப்பன் பூங்காவுக்கு வரவே மாட்டார். வீடு தர மாட்டேன் என்கிற ஓனர் எவருமே அங்கே வருவதில்லை. அவரிடம் போய்ச் சேரக்கூடியது அவர் வீட்டுப் பிள்ளையின் குரல் மட்டும்தான். சட்டம் இதில் அதிகம் கைகொடுக்காது. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று அடுக்கி, அங்கெல்லாம் மதத்தைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. தங்கள் மதத்தவரை மட்டும் சேர்க்கும் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

பெங்களூர்க் கரகத் திருவிழாவைப் பாருங்கள். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து சித்ரா பௌர்ணமி இரவில் கிளம்பும் கரகம், காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் திரும்பும். வகுப்பறையில் ஹிஜாப் தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்ற தீர்ப்பின் சூடு ஆறாத 2022 ஏப்ரலில், கரகம் தர்காவுக்குப் போகக் கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். தர்காக்காரர்கள் கோயிலுக்கே வந்து அழைத்தார்கள். அது பெரிய மனசு. ஆனால் காரியம் நடந்தது, கோயில்காரர்கள் தங்கள் பக்கத்து ஆட்களிடமே வழக்கத்தை மாற்ற மாட்டோம் என்று சொன்னதால். அதே வார்த்தையை தர்காக்காரர்கள் சொல்லியிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்?

ஆக, அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் தன் வீட்டில், சித்தப்பா வீட்டில், மாமா வீட்டில் எந்தப் போர்ஷன் காலி என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது ஓனர் எந்த மதமோ அந்த மதத்து நண்பர் கூடப் போகட்டும். இந்துப் பையனுக்கு முஸ்லிம் ஓனர் தர மறுத்தால் பேச வேண்டியது உங்கள் முஸ்லிம் நண்பன். சமண ஓனர் என்றால் உங்கள் சமண நண்பர். அவர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான், சைவச் சமையலையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். பேசட்டும்.

புரோக்கர்களையும் விடாதீர்கள். பாதி இடங்களில் ஓனர் வாய் திறப்பதற்கு முன்பே பெயரை வடிகட்டிவிடுவது அவர்கள்தான். உங்கள் ஏரியா புரோக்கரின் நம்பர் அப்பாவிடமே இருக்கும்.

அன்புடன்,
அக்கா